சின்னக் கிராணியின் விரதம்

ஏழாங்கட்டைத் தோட்டம், தாப்பா
6 ஜூலை 1980

சுபைதாவுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை தபால் பையில் வந்தது. பையைப் பிரிப்பது தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணியான என் வேலை என்பதால் தப்பித்தேன். உறை மேல் அனுப்பியவளாக மங்களத்தின் பெயர்தான் இருந்தது. ஆனாலும் உள்ளே இருப்பது நீ என்று வெளியே தெரிந்துவிடுமோ என்று பயந்து, பெரிய கிராணி தேத்தண்ணி குடிக்கப் போகும்வரை அதை மருந்துப் பட்டியலுக்கு அடியில் வைத்திருந்தேன். டைப்பிங் வகுப்பில் நம் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்த மங்களம் இன்று வரை நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் புண்ணியம்.

நீ எழுதிய இரண்டு செய்திகளையும் பலமுறை படித்துவிட்டேன். முதலாவது, காம்பார் துணிக்கடை முகம்மது கௌஸின் தாயார் பெருநாள் மூன்றாம் நாள் உனக்கு மோதிரம் போட வருகிறார்கள் என்பது. இரண்டாவது, உன் அப்பா, நீ சொல்லும் அத்தா, தன் சாப்பாட்டுக் கடையில் யாரோ ஒருவரைப் பற்றிப் பேசும்போது சொன்னது. "பொண்ணுக்காக மார்க்கத்துக்கு வாரேன்னு எவன் வேணும்னாலும் சொல்லுவான்லா. பார்க்க ஆளில்லாத எடத்துல ஒரு மாசம் நோன்பு வச்சிட்டு வரட்டும். அப்ப நம்புறேன்."

அவர் என்னைச் சொல்லவில்லை. நான் ஒருவன் இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆனாலும் நான் அதை எனக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன். பார்க்க ஆளில்லாத இடம் வேண்டுமென்றால் எங்கள் தோட்டத்தை விட்டால் வேறு இடமில்லை. இங்கே லயத்தில் எண்பது வீடு. ஒருவருக்கும் நோன்பு என்றால் என்னவென்று தெரியாது. பதினான்காம் தேதி நானும் ஆரம்பிக்கிறேன்.

எனக்கு என்ன நம்பிக்கை இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பொழுது சாய்ந்தால் முனியாண்டி மரத்தடியைப் பயந்து ஓடிக் கடக்கிற ஆள் நான். ஆனால் டைப்பிங் பரீட்சைக்கு முன் நீ கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பாய். யாரிடம் பேசுகிறாய் என்று தெரிந்துகொள்ள அன்றே எனக்கு ஆசை வந்தது. பரீட்சையில் நான் கோட்டைவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. ரப்பர் மரத்தில் பால் வெட்டியே என்னைப் படிக்க வைத்துக் கிராணி ஆக்கினவள். ஒரே பிள்ளை நான். இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீ ஒன்றும் பயப்படாதே என்று எழுத வந்தேன். எழுதினால் பொய்யாகிவிடும்.

கார்த்திகேசு


ஈப்போ
10 ஜூலை 1980

கார்த்திகேசு அவர்களுக்கு,

கடைக்கு மேல் மாடியில், தையல் மெஷின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். யாராவது படியேறினால் மிதிக்கத் தயாராகக் காலைப் பலகை மேல் வைத்திருக்கிறேன். கோணல்மாணலாக இருந்தால் அதுதான் காரணம்.

நோன்பு என்றால் விளையாட்டில்லை. விடியுமுன் சாப்பிட வேண்டும், அது சஹர். அதற்குப் பிறகு சூரியன் மறையும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. பொய் கூடாது. கோபம் கூடாது. பசித்தால் டைப்படித்த காகிதத்தைக் கிழித்துப் போட்ட ஆள் நீங்கள், அதனால்தான் கடைசியைக் கோடு போட்டு எழுதியிருக்கிறேன். கலிமா சொல்லி மார்க்கத்துக்கு வராதவர் நோன்பு வைத்தால் அதற்குக் கணக்கில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லுவார். ஆனால் நமக்கு இப்போது ஹஜ்ரத் முக்கியமில்லை, அத்தாதான் முக்கியம்.

மங்களத்திடம் முப்பது பேரீச்சம்பழம் கொடுத்திருக்கிறேன். அவள் தாப்பாவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வரும்போது தருவாள். ஒரு நாளைக்கு ஒன்று. முதல் நாளே பத்தைத் தின்றுவிடாதீர்கள்.

எங்கள் அத்தாவைப் பற்றி நீங்கள் ஏதேதோ நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அத்தா அடிக்க மாட்டார்கள். கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எங்கள் பெரிய மச்சான் ஜைனுலாப்தீன் கடையைப் பிரித்துக்கொண்டு போனபோது நாலு வருஷம் பேசவில்லை. அவர் கடையில் கூட்டம் எப்படி என்று யாராவது கேட்டால் பதில் சொல்வார்கள், மருமகன் எப்படி என்றால் காது கேட்காது. எனக்கு அதுதான் பயம். அடித்தால்கூட ஒரு நாளில் ஆறிவிடும்.

போன மாதம் பஸ் நிலையத்தில் நீங்கள் என் குடையை எடுத்துக் கொடுத்ததை யாரோ பார்த்ததாக மங்களம் சொன்னாள். அன்றிலிருந்து கடைக்கு வெள்ளைச் சட்டை போட்டு யார் வந்தாலும் ஜோடிகளைப் பிடிக்க வரும் மத இலாகா ஆள் என்றே தோன்றுகிறது. நேற்று வந்தவர் பல் டாக்டராம்.

நோன்பை ஒருவருக்கும் தெரியாமல் வையுங்கள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுபைதா


ஏழாங்கட்டைத் தோட்டம், தாப்பா
21 ஜூலை 1980

சுபைதாவுக்கு,

ஒரு வாரம் நோன்பு வைத்துவிட்டேன். அதைப் பற்றி நல்லபடியாக எழுதத்தான் நினைத்திருந்தேன். இப்போது வேறு சிக்கல் வந்துவிட்டது.

நோன்பு வைப்பதற்குத் தோட்டத்தைப் போல் வசதியான இடம் கிடையாது. நாங்கள் எப்படியும் விடியுமுன் எழுந்து சாப்பிட்டுவிட்டுத்தான் பிரட்டுக்குப் போவோம். நான் பேர் கூப்பிட வேண்டும், மற்றவர்கள் ஆஜர் சொல்ல வேண்டும். பிறகு மலைக்காடு முழுக்க நடை. பத்து மணிக்குப் பால் வெட்டுகிறவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும்போது மட்டும் நான் வேறு நிரைக்குப் போய்விடுவேன். மூன்று நாள் யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

அம்மா கவனித்திருக்கிறாள். மத்தியானம் சோறு அப்படியே இருக்கிறது, மாலையில்தான் சாப்பிடுகிறேன், விடியுமுன் குளிக்கிறேன், யாரிடமும் கோபப்படவில்லை. வியாழக்கிழமை வாசலில் என்னைப் பிடித்து நிறுத்தினாள். கண் நிறையத் தண்ணீர்.

"நீ சொல்லாட்டிப் போனா எனக்குத் தெரியாதாக்கும்? ஆடி பொறந்த ஒடனே விரதம் புடிச்சிருக்க. எனக்கு நெனப்பு இருக்குடா ஐயா."

எனக்கு ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து பிழைக்க மாட்டேன் என்று ஆகிவிட்டதாம். பிழைத்தால் வளர்ந்த பிறகு ஆடித் திருவிழாவில் தீ மிதிப்பான் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாளாம். அதை நான் மறந்துவிட்டேன் என்று இத்தனை வருஷம் மனசுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறாள். இப்போது நானாகவே விரதம் பிடித்துவிட்டேன் என்று முடிவு கட்டிவிட்டாள். சுபைதா, அந்த நேரத்தில் அவள் முகத்தை நீ பார்த்திருந்தால் நீயும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பாய்.

மறுநாள் பிரட்டில் நான் பேர் கூப்பிட்டு முடித்ததும் வேலைக்கு மேற்பார்வையாளரும் கோயில் தலைவருமான சன்னாசி மண்டோர் முன்னால் வந்தார். "இந்த வருசம் குழியில எறங்க பதினாறு பேரு இருந்தாங்க. நம்ம சின்னக் கிராணியோட பதினேழு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஏன் தட்டினேன் என்று தெரியவில்லை.

அதிலிருந்து பெரிய கிராணி எனக்கு நாற்காலி போடுகிறார். என் முன்னால் யாரும் கெட்ட வார்த்தை பேசுவதில்லை. எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீட்டிலும் எனக்காகக் கருவாடு வறுப்பதை நிறுத்திவிட்டார்கள். பொழுது சாய்ந்து பேரீச்சம்பழத்தைக் கடித்த பிறகாவது ஒரு துண்டு மீன் கிடைக்கும் என்று இருந்தேன். இப்போது கத்திரிக்காய்தான். பகலில் உங்கள் கணக்குக்கும் மாலையில் எங்கள் கணக்குக்கும் சேர்த்துப் பட்டினி கிடக்கிறேன்.

காப்பு கட்டுவது ஆகஸ்ட் ஒன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. தீ மிதி பத்தாம் தேதி. எனக்குச் சிகரெட் சுட்டாலே கை வீங்கும்.

கார்த்திகேசு


ஈப்போ
25 ஜூலை 1980

கார்த்திகேசு அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். கைதட்டிய இடத்தில் தாங்க முடியாமல் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். பிறகு கீழே போய் அடுப்பில் கரி கனல்வதைப் பார்த்தேன். சிரிப்பெல்லாம் போய்விட்டது. ரொட்டிக்கல்லுக்கு அடியில் இருக்கிற அந்தக் கொஞ்சக் கரியே முகத்தைத் தாக்குகிறது. நீங்கள் அதைக் குழி நிறையப் போட்டு அதன் மேல் நடக்கப் போகிறீர்களா?

நீங்கள் ஒருவரும் பார்க்காமல் நோன்பு வைக்கப் போனீர்கள். இப்போது எண்பது வீடு பார்த்துக்கொண்டிருக்கிறது, எல்லோருமே வேறொன்றைப் பார்க்கிறார்கள். இதை அத்தாவிடம் எப்படிச் சொல்வேன்? அவர் மாரியம்மனுக்காகப் பட்டினி கிடந்தார், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றா?

காப்பு கட்டுமுன் உங்கள் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். மஞ்சள் கயிறு கையில் ஏறிய பிறகு சொன்னால் அது அவர்களுக்கு இன்னும் பெரிய அவமானம். நீங்கள் அந்தக் கயிற்றோடு எங்கள் வீட்டுப் படியேறினால் எனக்கும் அவமானம். நான் கோபமாகத்தான் எழுதுகிறேன். எனக்கு நோன்பு, கோபப்படக் கூடாது. அது வேறு கவலை.

ஆனால் உங்களைத் திட்டிக்கொண்டே இருக்க எனக்கு வாயில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அத்தா முகம்மது கௌஸின் போட்டோவை என் முன்னால் வைத்து, "ஒனக்குச் சம்மதமாம்மா?" என்றார்கள். நான் தலைவலிக்கிறது என்றேன். மறுநாளும் கேட்டார்கள். அன்றும் தலைவலி. இப்போது அத்தா எனக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறார்கள். கௌஸ் பார்க்க நல்ல ஆளாகத்தான் இருக்கிறார். கெட்ட ஆளாக இருந்திருந்தால் எனக்குச் சொல்ல ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

நீங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், நான் அத்தாவிடம் சொல்கிறேன் என்று எழுதத்தான் ஆசை. முதலில் நீங்கள் சொல்லுங்கள். அதைப் பார்த்தாவது எனக்குத் தைரியம் வரட்டும்.

சுபைதா


ஏழாங்கட்டைத் தோட்டம், தாப்பா
31 ஜூலை 1980

சுபைதாவுக்கு,

மூன்று முறை சொல்லப் போனேன்.

முதல்முறை அம்மா என் வெள்ளை வேட்டியை மஞ்சள் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தாள். "அம்மா, ஒரு விசயம்" என்றேன். "சாயம் போதுமா பாரு" என்றாள். பார்த்தேன். போதும் என்றேன். வந்துவிட்டேன்.

இரண்டாம்முறை காம்பாரிலிருந்து சின்னம்மா வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மகனுக்கும் காய்ச்சல் வந்ததாம், அவனும் அடுத்த வருஷம் என்னைப் பார்த்து இறங்குவானாம். மூன்றாம்முறை வாயைத் திறந்து "நான் இந்த விரதம்" என்று வரைக்கும் சொல்லிவிட்டேன். "ஒங்கப்பா இருந்திருந்தா இன்னிக்கு லயத்துல காலு தரையில படாது அவருக்கு" என்றாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன்.

இன்று வேலை முடிந்ததும் கோயில் பக்கம் போனேன். குழி வெட்டிவிட்டார்கள். பதினெட்டு அடி நீளம். ரப்பர் கட்டையை ஒரு பக்கம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். சன்னாசி மண்டோர் என் தோளில் கை போட்டு, "பயப்படாத தம்பி. மனசு சுத்தமா இருந்தா பூ மாதிரி இருக்கும். கள்ளம் இருந்தாத்தான் காலு காட்டிக் குடுத்துரும்" என்றார். எனக்குக் கால் அங்கேயே காட்டிக் கொடுத்துவிட்டது, அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். பக்தியில் உடம்பு சிலிர்க்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மாரியம்மனை நான் நம்புகிறேனா என்று கேட்காதே. பயப்படுகிறேன். சின்ன வயதிலிருந்து பயந்த பயம், ஒரு மாத நோன்பில் போகாது. உங்கள் அல்லாஹ்வுக்கும் இப்போது பயப்படுகிறேன், அவனுக்காக வைத்த நோன்பை வேறு பேரில் நடத்திக்கொண்டிருக்கிறேன் அல்லவா. ஒருவரை ஏமாற்றினாலே எனக்குத் தூக்கம் வராது. இரண்டு பக்கமும் ஏமாற்றி, நடுவில் அம்மாவையும் ஏமாற்றி, அந்தக் குழியில் இறங்கினால் நான் கரை ஏறமாட்டேன் என்று நிச்சயமாகத் தோன்றுகிறது.

இறங்காமல் இருந்தால் அம்மாவால் இந்த லயத்தில் தலை காட்ட முடியாது. இறங்கினால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஓடிப்போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். தாப்பாவில் பஸ் ஏறினால் கேமரன் மலைதான். அங்கே போய் முட்டைக்கோஸ் விற்றுக்கொண்டு தனியாக இருப்பதற்கா இவ்வளவும் என்று திரும்பி வந்துவிட்டேன்.

நாளை மாலை நாலு மணிக்குக் காப்பு. அதற்குள் சொல்லிவிடுவேன் என்று எழுதுகிறேன். சொல்வேனா என்று எனக்கே தெரியாது.

கார்த்திகேசு


ஈப்போ
6 ஆகஸ்ட் 1980

கார்த்திகேசு அவர்களுக்கு,

ஐந்து நாளாகக் கடிதம் இல்லை. மங்களத்தைத் தினமும் தொந்தரவு செய்கிறேன். நீங்கள் கயிறு கட்டிக்கொண்டீர்களா, ஓடிவிட்டீர்களா, உயிரோடு இருக்கிறீர்களா, எது என்று தெரியவில்லை. நான் உங்களை முந்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தா மோதிரத்துக்கு அளவெடுக்க ஒரு நூல் கொண்டுவந்தார்கள். "கையக் குடும்மா" என்றார்கள். நான் விரலை மடக்கிக்கொண்டேன். விளையாடுகிறேன் என்று நினைத்து, சின்னப் பிள்ளைக்குப் பிரிப்பதுபோல் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்கள். பிரிக்கப் பிரிக்க நான் மடக்கினேன். பிறகு என் முகத்தைப் பார்த்தார்கள்.

சொல்லிவிட்டேன். டைப்பிங் வகுப்பு, உங்கள் பேர், தோட்டம், நோன்பு, எல்லாமும். தீக்குழியை மட்டும் சொல்லவில்லை, அதற்கு என்னிடம் மூச்சு மீதியில்லை. அத்தா நூலை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்கள். "தோட்டத்துப் பையனா?" என்று ஒரே ஒரு வார்த்தை. ஆமாம் என்றேன். எழுந்து போய்விட்டார்கள்.

இன்றோடு மூன்று நாள். பேச்சில்லை. நோன்பு திறக்கும்போது என் பக்கம் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளுகிறார்கள், என்னைப் பார்ப்பதில்லை. காம்பார் வீட்டாரை வர வேண்டாம் என்று சொன்னார்களா, வரச் சொன்னார்களா என்றும் தெரியாது. நான் பயந்தது நடந்துவிட்டது. நடந்த பிறகும் பயம் குறையவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

இனி நீங்கள் சொல்லாமல் இருந்தால் நான் மட்டும் தனியாக நிற்பேன். எழுதுங்கள்.

சுபைதா


ஏழாங்கட்டைத் தோட்டம், தாப்பா
11 ஆகஸ்ட் 1980

சுபைதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தபோது எழுதக்கூடிய நிலையில் நான் இல்லை. இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மா காப்புக்கு மஞ்சள் கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியிலேயே நின்று ஒரே மூச்சில் சொன்னேன். நின்று நின்று சொன்னால் பாதியில் ஓடிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

"பாய் வீட்டுப் பொண்ணா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப இத்தன நாளு சாப்புடாம கெடந்தது?" "அவங்க நோன்பும்மா." கத்தியைக் கீழே வைத்தாள். "நான் ஊரெல்லாம் சொல்லிட்டனேடா" என்றாள். விளக்குமாற்றை எடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மூன்று மணிவரை அழுதாள். அப்பா செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அவங்க ஆளுங்க ஒன்ன அடிப்பாங்களா?" தெரியவில்லை என்றேன்.

மூன்றரைக்கு முகம் கழுவிச் சேலை மாற்றிக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். சன்னாசி மண்டோர் வரிசையாகக் கூப்பிட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். என் பேர் வந்ததும் அம்மா முன்னால் போய்த் தன் கையை நீட்டினாள்.

"வீரம்மா, மவன் எங்க?"

"வேண்டிக்கிட்டது நானு. வாயால சொன்னவ நானு. காலும் என்னோடதே இருக்கட்டும்."

"இங்க பொம்பளைங்க எறங்கனதில்லையேம்மா."

"ஆத்தா பொம்பளதான?"

அவர் கயிற்றை எடுத்து அம்மா கையில் கட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா பின்னால் ஒளிந்துகொண்டு நிற்க எனக்கே அருவருப்பாக இருந்தது. "என் விரதம் இந்தக் கோயிலுக்கு இல்ல. பொய்யா நின்னு கயிறு கட்டிக்க முடியாது. மன்னிச்சிருங்க" என்றேன். எதற்கு இருந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. அடுத்த நாளே லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பெரிய கிராணி நாற்காலியை எடுத்துவிட்டார். அன்று மாலையே பன்னிரண்டு வீட்டிலும் கருவாடு வறுத்தார்கள்.

ஒன்பது நாள் அம்மா என்னிடம் பேசவில்லை. ஆனால் விடியுமுன் எழுந்து எனக்குச் சோறாக்கி மூடி வைத்தாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. நீ உன் அத்தாவைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எங்கள் வீட்டிலும் அதே கதைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று இறங்கினாள். நான் குழியின் மறுபக்கம், பால் ஊற்றி வைத்திருந்த இடத்தில் நின்றேன். முன்னால் போன ஆண்கள் ஓடினார்கள். அம்மா ஓடவில்லை, பிரட்டுக்குப் போகிற மாதிரி நடந்தாள். அவள் அந்த ஏழெட்டு எட்டு வைப்பதற்குள் நான் எத்தனை சாமியைக் கூப்பிட்டேன் என்று சொன்னால் நீ கோபித்துக்கொள்வாய். இடது காலில் மட்டும் கொப்புளம். சன்னாசி மண்டோர் அதைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா முந்திக்கொண்டாள். "கள்ளமெல்லாம் இல்ல. கோவம் இருந்துச்சு, அதான்."

என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். சொல்லவில்லை. ஆனால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவளாகவே, "அவங்க பெருநாளு என்னிக்கு?" என்றாள். நாளை மறுநாள் என்றேன். "அப்ப ரெண்டாம் நாளு போலாம். பொண்ணு கேக்கறதுன்னா பெத்தவதான் வரணும். நீ பேசினா ஒளறுவ" என்றாள்.

நாளை தபால் இல்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் நாங்கள் வந்துவிடுவோம். நாளை முதல் பகலிலும் எனக்குச் சாப்பிட அனுமதி, இப்போது பார்த்துச் சாப்பாடு இறங்க மறுக்கிறது.

கார்த்திகேசு


ஈப்போ
15 ஆகஸ்ட் 1980

கார்த்திகேசு அவர்களுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலையில்தான் வந்தது. உங்கள் அம்மா முந்தாநாளே வந்துவிட்டார்கள். ஒரு கையில் சீப்பு வாழைப்பழம், கால் ஒன்றில் துணிக்கட்டு, பின்னால் வெள்ளைக் காகிதம்போல் நீங்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. நான் திரைக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அத்தா உங்களைக் கீழேயே உட்காரச் சொல்லிவிட்டு உங்கள் அம்மாவை மட்டும் மாடிக்கு அழைத்து வந்தார்கள். பஸ்ஸில் திரும்பிப் போகும்போது அம்மா உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று மங்களத்திடம் புலம்பினீர்களாம். நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். அதனால் எழுதுகிறேன்.

அத்தா கட்டுப் போட்ட காலைப் பார்த்துவிட்டு, ஒரு முக்காலியைக் கொண்டுவந்து காலுக்கு அடியில் வைத்தார்கள். "என்னம்மா ஆச்சு?"

"தீ மிதிச்சேன்."

எனக்கு உயிர் போய்விட்டது. அத்தா, "எதுக்கு?" என்றார்கள். அம்மா ஒளிக்கவில்லை. நோன்பை விரதமென்று நினைத்தது, ஊர் கைதட்டியது, நாற்காலி, கருவாடு, எல்லாவற்றையும் சொன்னார்கள். கேட்கக் கேட்க அத்தாவின் தோள் குலுங்கியது. அழுகிறார்கள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்கள். பத்து நாளுக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. "மாசம் முழுக்க வச்சானாம்மா?" "வச்சான். அம்மங்கோயிலுக்குன்னு நெனச்சப்ப நான் குடுத்த தண்ணியக்கூட வேணாம்னுட்டான். அப்பறம் நாந்தான் வெடியாலையில ஆக்கிப் போட்டேன்."

பிறகு அத்தா, "என்ன வேண்டிக்கிட்டீங்க?" என்றார்கள். நீங்கள் கேட்டுப் பதில் வராத கேள்வி.

"காப்பு கட்டுனப்ப, இவன் அந்தப் புள்ளைய மறந்துரணும்னு வேண்டிக்கிட்டேன். குழி கிட்டப் போயி நின்னதும் வாயில வேற வந்துருச்சு. போற எடத்துல இவன வெளியிலேருந்து வந்தவன்னு யாரும் சொல்லக் கூடாதுன்னு."

அத்தா, "எனக்குப் பயமா இருக்கும்மா" என்றார்கள். அத்தா வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. "நம்ம ஆளுங்க என்ன சொல்லுவாங்க, எம்பொண்ணு நாளைக்கு அழுவாளா, ஒண்ணும் தெரியல."

"எனக்கும்தாங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இவன் ஒங்க ஆளாயிட்டா நான் செத்தா வருவானா? கொள்ளி எந்தங்கச்சி மவன் வைப்பான். இவன் கூட நடந்து வந்தாப் போதும்."

"வருவான். நானும் வாரேன்" என்றார்கள் அத்தா. திரைக்குப் பின்னால் நான் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நேற்றுக் காலையிலேயே அத்தா காம்பாருக்குப் போய், கௌஸின் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்கள். அவர்கள் தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லையாம். என்னிடம் இன்னும் முழுதாகப் பேசவில்லை. ஆனால் சொல்லியனுப்ப ஒன்று சொன்னார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு நீங்கள் வர வேண்டும், ஹஜ்ரத்திடம் ஒரு வருஷம் ஓத வேண்டும், அதற்குப் பிறகும் உங்களுக்கு மனசு அப்படியே இருந்தால் நிக்காஹ். வேண்டாம் என்று தோன்றினால் இப்போதே சொல்லிவிடலாம், ஒருவரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள் என்றும் சொன்னார்கள்.

இதை எழுதும்போது எனக்கு முன்னைவிட அதிகமாகப் பயமாக இருக்கிறது. இதுவரை மற்றவர்களுக்குப் பயந்தோம். இனிமேல் நீங்கள் மாறிவிடுவீர்களோ, நான் மாறிவிடுவேனோ, உங்கள் அம்மா தனியாக அந்த லயத்தில் என்ன செய்வார்களோ என்று பயம்.

உங்கள் அம்மா இறங்கிப் போகும்போது திரையை விலக்கி என்னைப் பார்த்தார்கள். நான் அழுத முகத்தோடு நின்றேன். கன்னத்தில் கை வைத்து, "பயமா இருக்காம்மா?" என்றார்கள். "ஆமா அத்தை" என்றேன். என் வாயில் அந்த முறை எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.

"எனக்கும் குழிக்கு முன்னால நிக்கிற வரைக்கும் இருந்துச்சு. எறங்கனப்பறம் பயப்பட எங்க நேரம், நடக்கத்தான் நேரம் இருந்துச்சு" என்றார்கள்.

வெள்ளிக்கிழமை வாருங்கள்.

சுபைதா